பச்சைச் சட்டைக்கையின் ஜோடி

கிரெய்ஸ்டோன் கோட்டை
சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளி

ஆஷ்லோ மாளிகைத் தலைவி, என் மனைவி அமபெலுக்கு,

ஆண்டவர் உனக்கு நலம் தருவாராக.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். போன மே மாத விருந்தில், நம் கூடத்தில், என் கண்ணெதிரே நடந்ததற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இளம் வீரன் ஆப்ரி உன் முன்னால் மண்டியிட்டான். நீ உன் பச்சைப் பட்டு அங்கியின் இடது சட்டைக்கையை முடிச்சவிழ்த்து அவனிடம் கொடுத்தாய். ஊர் பேசும்படி ஒரு வீரச்செயல் முடிக்கும்வரை இடது கண்ணைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று கட்டளையிட்டாய். கூடமே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டாத கணவனைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். இந்த விளையாட்டில் கேலிக்கு ஆளாகிறவன் கணவன் ஒருவன்தான்.

அந்தப் பச்சை அங்கியை எனக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

மணமான சீமாட்டியை வீரன் ஒருவன் தலைவியாக வரித்துப் பணிசெய்யும் இந்தக் காதல் ஊழியத்தின் சட்டங்களை நானும் படித்தவன்தான். ஆக்ஸ்போர்டில் என்னோடு தங்கியிருந்தவர்கள் தேவசாஸ்திரத்தைவிட அதைத்தான் அதிகம் படித்தார்கள். தலைவி கல்நெஞ்சக்காரியாக இருக்க வேண்டும். ஊழியன் அழ வேண்டும். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் காதலிக்கவே முடியாது. ஏனென்றால் கணவனுக்கு உரிமை இருக்கிறது. உரிமை உள்ளவன் கெஞ்ச மாட்டான். கெஞ்சாதவன் காதலன் அல்லன். அழகான தர்க்கம். என் அண்ணன் குதிரையிலிருந்து விழுந்து சாகாமல் இருந்திருந்தால், இதை மறுத்து நானே ஒரு புத்தகம் எழுதியிருப்பேன். அப்பா என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி வாளைத் திணித்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். குளிர்காலத் தொடக்கத்தில் உன் ஊழியனை நான் காவல் காக்கும் இந்த எல்லைக் கோட்டைக்கே அனுப்பிவைத்தார்கள். தோளில் உன் சட்டைக்கை. கண்ணில் கறுப்புத் துணி. நேற்று முற்றத்தில் வாள் பயிற்சி. இடப்பக்கம் பார்க்காமல் வீசி, டிக்கனின் முக்காட்டை வெட்டிவிட்டான். என் வில்லாளிகளின் தலைவன் டிக்கனை நீ அறிவாய். நம் கல்யாணத்தில் குடித்துவிட்டுக் கிணற்றில் விழுந்தவன்.

டிக்கன் வெட்டுப்பட்ட துணியைத் தூக்கிக் காட்டினான். "ஏன் தம்பி, எனக்குத் தலை ஒண்ணுதான் இருக்கு. உங்க சீமாட்டி அதையும் கேட்டிருக்காங்களா?"

"மன்னிச்சிக்கோங்க டிக்கன். இடப்பக்கம் நீங்க நின்னது தெரியல."

"இடப்பக்கம் ஸ்காட்லாந்தே நிக்குது. அதுவாச்சும் தெரியுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணியை அவிழ்க்கச் சொன்னேன். ஆப்ரி மரியாதையாகக் குனிந்தான். "ஐயா, நீங்க சொன்னா இந்த மதில்லேர்ந்து குதிப்பேன். ஆனா இது நீங்க போட்ட கட்டளை இல்லையே. போட்டவங்கதான் எடுக்கணும்."

ஆகவே உனக்குக் கட்டளையிடுகிறேன். பனி உருகியதும் எதிர்க்கரை ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆற்றைக் கடப்பார்கள். வாசலில் என் இடப்பக்கம் குருடன் ஒருவன் நிற்பதை நான் அனுமதிக்க முடியாது. இதைக் கொண்டுவருகிறவன் கையிலேயே அவனுக்கு விடுதலை எழுதிக் கொடுத்தனுப்பு.

உன் கணவன்,
ஜெர்வேஸ்
(என் முத்திரையோடு)

&nbsp;

ஆஷ்லோ
மங்கள வார்த்தைத் திருநாள்

மிகுந்த மதிப்புக்குரிய என் கணவருக்கு, அமபெல் பணிந்து எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் நலம் என்று அதில் எங்கும் இல்லை. கோபமாக இருக்கிறீர்கள் என்பதிலிருந்து நலம் என்று ஊகித்துக்கொண்டேன். இங்கே ஆடுகள் நன்றாகக் குட்டி ஈன்றன. கோயில் கூரை மறுபடி ஒழுகுகிறது. உங்கள் கிழட்டு வேட்டை நாய் இன்னும் உங்கள் நாற்காலிக்குக் கீழேதான் படுக்கிறது. வேறு யாராவது உட்கார்ந்தால் உறுமுகிறது. உங்களைப் போலவே.

உங்கள் முத்திரையோடு வருகிற எதையும் கூடத்தில், எல்லோர் முன்னிலையிலும், பாதிரியார் வாசிக்க வேண்டும் என்பது நீங்கள் வைத்த விதி. ஆகவே இதையும் வாசித்தார். "கணவனும் மனைவியும் காதலிக்கவே முடியாது" என்ற இடத்தில் அவர் குரல் கம்மியது. சமையல்காரர்கள் வரை கேட்டார்கள். ஆப்ரியின் தங்கை சிசிலி என் காலடியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைக் கையில் குத்திக்கொண்டாள்.

அந்த மே விருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. அன்று நாங்கள் ஆறேழு பெண்கள் சீட்டுப் போட்டு ஆளுக்கு ஒரு வீரனை எடுத்தோம். ஒருத்தி தன் ஆளை வெறுங்காலோடு கான்டர்பரிக்கு நடக்கச் சொன்னாள். இன்னொருத்தி ஒரு வருஷம் பேசக்கூடாது என்றாள். அந்த வீரனின் மனைவி எழுந்து வந்து அவளை முத்தமிட்டாள். இருப்பதில் லேசானது கண்ணைக் கட்டுவதுதான் என்று நான் நினைத்தேன். கோடைக்குள் ஆப்ரி ஏதாவது ஒரு பந்தயத்தில் யாரையாவது குதிரையிலிருந்து தள்ளிவிட்டு அவிழ்த்துவிடுவான் என்று நினைத்தேன். அவனை எல்லைக்கு அனுப்புவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், விளையாட்டை நிறுத்தியிருப்பேன். நீங்கள் கைதட்டினீர்கள்.

கட்டளைப்படி விடுதலை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த அறையில் அடுப்பு புகைந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். உங்களுக்கு இருமல் வரும்.

உங்கள் பணிவுள்ள மனைவி,
அமபெல்

&nbsp;

கிரெய்ஸ்டோன் கோட்டை
ஈஸ்டருக்குப் பிறகு மூன்றாம் ஞாயிறு

அமபெலுக்கு,

டிக்கன் இறந்துவிட்டான்.

முறையாகத்தான் தொடங்க நினைத்தேன். முடியவில்லை.

நீ எழுதிய விடுதலையை ஆப்ரியின் கையில் கொடுத்தேன். முழங்காலிட்டு வாசித்தான். உன் எழுத்தை முத்தமிட்டான். அதையும் நின்று பார்க்க வேண்டியிருந்தது. பிறகு மடித்து என்னிடமே நீட்டினான்.

"இது அவங்க எழுத்துதான் ஐயா. ஆனா அவங்க மனசு இல்ல."

"அதை எப்படிக் கண்டே?"

"சிசிலி எழுதியிருக்கா. நீங்க கட்டளை போட்டீங்களாம், கூடத்துல படிச்சாங்களாம். புருஷன் கட்டளைக்குப் பயந்து ஒரு தலைவி எழுதிக் குடுக்கிறத வாங்கிக்கிட்டு நான் கண்ணத் திறந்தா, அவங்களுக்குத்தான் அவமானம்."

"உனக்கு மூளை இருக்கா தம்பி?"

"எழுத்தக் கட்டாயப்படுத்தி வாங்கலாம் ஐயா. அடையாளத்த வாங்க முடியாது. இந்தச் சட்டைக்கைக்கு ஒரு ஜோடி இருக்கும்ல? அத அவங்களா அனுப்பட்டும். அந்த நிமிஷமே அவிழ்த்துடறேன்."

டிக்கன் பக்கத்தில் நின்று வில்லுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தான். "அப்ப குளிர்காலத்துக்குள்ள அந்தம்மா முழு அங்கியையும் அனுப்பிடுவாங்க. எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு குடு தம்பி, கழுத்து குளிருது" என்றான். ஆப்ரியே சிரித்துவிட்டான். அவன்மீது டிக்கனுக்கு உள்ளூரப் பிரியம்தான். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

செவ்வாயன்று விடியலில் எதிர்க்கரைக்காரர்கள் எங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போக வந்தார்கள். ஆற்றுத் துறையில் மறித்தோம். ஆப்ரி கோழை அல்லன். இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்னால் நின்றான், இரண்டு பேரை வீழ்த்தினான். இடப்பக்கத்திலிருந்து ஈட்டியோடு ஒருவன் தண்ணீரில் நடந்து வந்தான். துறையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது, ஆப்ரியைத் தவிர. டிக்கன் கத்திக்கொண்டே குறுக்கே பாய்ந்தான். அவன் கையில் வில் மட்டும்தான் இருந்தது.

ஆப்ரி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடேறினான். டிக்கன் கடைசியாகச் சொன்னது: "இடப்பக்கம் பாரு, முட்டாளே."

நான் ஆப்ரியிடம் போனேன். "ஆச்சு. வீரச்செயல் முடிஞ்சுது. அவிழு."

"இன்னொருத்தன் உயிர்ல கிடைச்சது வீரச்செயல் ஆகாது ஐயா" என்றான். அன்று மதியமே எதிர்க்கரைக்குத் தூதன் அனுப்பி, அவர்களில் பலசாலியான நினியன் என்பவனைத் தனிப்போருக்கு அழைத்துவிட்டான். நடுக்கோடையில் வரும் அருளப்பர் திருநாளன்று, துறையில், கூர் ஆயுதங்களோடு, ஒருவர் சாகும்வரை. கண்ணைக் கட்டியபடியே. நினியனும் ஒத்துக்கொண்டான். நினியனை நான் இரண்டு முறை எதிர்த்திருக்கிறேன். இரண்டு கண்ணோடும் பிழைத்தது அதிர்ஷ்டம்.

அவனை அடைத்துவைக்கலாம். அடைத்தால் இந்தக் கரைக்கே பயம் வந்துவிட்டது என்று எதிர்க்கரையில் பாட்டுக் கட்டுவார்கள். மனைவியின் ஊழியனை ஜெர்வேஸ் பூட்டிவைத்தான் என்று இந்தக் கரையில் பாடுவார்கள்.

நீ போட்ட கட்டு இது. அந்த ஜோடியை உடனே அனுப்பு. இது என் கட்டளை.

ஜெர்வேஸ்
(முத்திரையோடு)

&nbsp;

ஆஷ்லோ
விண்ணேற்றத் திருநாளுக்கு மறுநாள்

என் கணவருக்கு,

டிக்கனின் ஆத்துமாவுக்காகத் திருப்பலி வைத்தேன். அவன் மனைவியை இங்கே வரவழைத்து என் அறைக்குப் பக்கத்தில் தங்கவைத்திருக்கிறேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்தக் கடிதமும் கூடத்தில்தான் வாசிக்கப்பட்டது. "இது என் கட்டளை" என்பதையும் எல்லோரும் கேட்டார்கள், சிசிலியும் கேட்டாள். அவள் அண்ணனுக்கு எழுதக்கூடாது என்று நான் தடுக்கவில்லை. அவளுக்கு உலகத்தில் அவன் ஒருவன்தான். இனி நான் எதை அனுப்பினாலும் நீங்கள் பிடுங்கி அனுப்பியது என்றுதான் ஆப்ரி சொல்வான். உங்கள் ஒவ்வொரு முத்திரையும் அவன் கண்கட்டில் ஒரு முடிச்சாக விழுகிறது. இதை நீங்கள் காணவில்லையா? இவ்வளவு படித்தவர்!

ஆனால் அது இருக்கட்டும். அந்த ஜோடி என்னிடம் இல்லை.

அது எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரியும். நம் கல்யாணத்துக்கு அடுத்த கோடை, லிங்கன் நகரத்து ஈட்டிப் பந்தயத்தில், அந்த அங்கியின் வலது சட்டைக்கையை உங்கள் ஈட்டி முனையில் நான்தான் கட்டினேன். மேடையில் இருந்த எல்லாப் பெண்களும் பார்த்தார்கள். ஓட்டம் முடிந்ததும் அதை உருவி உங்கள் குதிரையின் வாயைத் துடைத்தீர்கள். பிறகு தொழுவத்துப் பக்கம் போனீர்கள், அது திரும்பி வரவே இல்லை. பக்கத்திலிருந்தவள் கேட்டாள்: "ஏண்டி, உம்மேல ஆசையா, குதிரமேல ஆசையா அவருக்கு?" நான் சிரித்தேன். நீங்கள் மே விருந்தில் கைதட்டினீர்களே, அப்படி.

அந்த அங்கியை அதன் பிறகு நான் உடுத்தவே இல்லை. மிச்சமிருந்த ஒரு கையைத்தான் ஆப்ரிக்குக் கொடுத்தேன். அவன் கேட்டான். மண்டியிட்டு, எல்லோர் முன்னாலும், வெட்கமில்லாமல் கேட்டான். அதற்கு மேல் அவனுக்கும் எனக்கும் நடுவில் எதுவும் இருந்ததில்லை. நம்பினால் நம்புங்கள். இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னிடம் எதையாவது கேட்டிருக்கிறீர்களா? கூரையை மாற்று, கம்பளியை விற்று வை, விடுதலை எழுது. நான் எல்லாம் செய்தேன். கேட்டிருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பேன்.

இருபது வயதுப் பையன் என் வாயிலிருந்து விளையாட்டாக வந்த ஒரு சொல்லுக்காகச் சாகப் போகிறான். அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரு துண்டுத் துணி எந்தத் தொழுவத்து வைக்கோலிலோ மக்கிப்போயிற்று. இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அமபெல்

&nbsp;

அமபெல்,

இதில் இடமும் தேதியும் எழுதவில்லை. தெற்கே கம்பளி வாங்கப் போகும் வியாபாரி ஒருவன் இதை உன் கையிலேயே கொடுப்பான். ஆட்டுத் தோல் ஒன்றைக் காட்டி, விலை பேச வேண்டும் என்று தனியே கூப்பிடுவான். பாதிரியாரிடம் கொடுக்காதே. சிசிலி பார்க்க வேண்டாம். நீயே வாசி, பிறகு அடுப்பில் போடு.

பெந்தெகொஸ்து முடிந்துவிட்டது. ஆப்ரி தினமும் காலையில் துறையில் குதிரை ஓட்டிப் பழகுகிறான். சாயங்காலம் டிக்கனின் கல்லறையில் உட்காருகிறான். இரவில் உன்னைப் புகழ்ந்து பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றுவிட்டது. அவன் பாடியபோது எரிச்சலாக இருந்தது. பாடாமல் இருப்பது அதைவிட மோசம்.

டிக்கனுக்குப் பதில் வில்லாளிகளுக்குத் தலைவனாக வாட் என்பவனை வைத்திருக்கிறேன். அவன் போன வாரம் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "விடுங்க ஐயா. நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். பாவமும் உங்க மேல வராது. அருளப்பர் திருநாள் போயிடுச்சுன்னா எல்லாம் தானா சரியாயிடும்." என் ஆட்கள் அத்தனை பேரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இரண்டு நாள் அந்தப் பேச்சு என் காதில் இனித்துக்கொண்டிருந்தது. அதை உன்னிடம் மறைக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பையன் தொழுவத்தில் என் குதிரைக்கு லாடம் சரிபார்த்துக்கொண்டிருந்தான். இடது பக்கத்தால் தூணில் முட்டிக்கொண்டான். தூணிடம் மன்னிப்புக் கேட்டான். அதன் பிறகு இனிக்கவில்லை.

லிங்கன் பந்தயத்தைப் பற்றி நீ எழுதியது தவறு. இத்தனை வருஷம் அந்தத் தவறை மனதில் வைத்துக்கொண்டிருந்தாய், ஒருமுறைகூட என்னிடம் கேட்கவில்லை என்பது எனக்குக் கோபமாகவே இருக்கிறது. நான் துடைத்தது குதிரையின் வாயை அல்ல. எதிராளியின் ஈட்டி என் தலைக்கவசத்தின் கீழே பட்டு இரண்டு பல் போய்விட்டது. முகத்தைக் குதிரையின் கழுத்தோடு மறைத்துக்கொண்டு என் வாயைத்தான் துடைத்தேன். புது மாப்பிள்ளை ரத்தம் துப்புவதை மேடை பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். நீ அப்போது பக்கத்திலிருந்தவளோடு சிரித்துக்கொண்டிருந்தாய். ஆசையா என்று அவள் கேட்ட கேள்விக்குத்தான் சிரித்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பல் போனதற்குச் சிரிக்கிறாய் என்று நினைத்தேன். அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழுவத்துக்குப் போனது துணியைக் கழுவ. கறை போகவில்லை. பிறகு திருப்பித் தருவதற்கு வெட்கமாக இருந்தது, அதற்கும் பிறகு காலம் கடந்துவிட்டது.

இத்துடன் இருக்கிறது, பார்.

என் தலைக்கவசத்தின் உள்மெத்தைக்கு அடியில் இருந்தது. டிக்கனுக்கு மட்டும் தெரியும். "பேன் புடிச்சிடும் ஐயா, தோச்சாவது உள்ள வைங்க" என்பான். யாரிடமும் சொன்னதில்லை அவன். பச்சை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. ஆனால் நெசவும் ஓரத்து நூல்வேலையும் ஆப்ரியின் தோளில் இருப்பதேதான். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். நான் வைத்துப் பார்த்தேன், அவன் தூங்கியபோது.

இதை அவனுக்கு அனுப்பு. சிசிலி வழியாகவே அனுப்பு, நீ கொடுப்பதை அவள் கண்ணால் பார்க்கட்டும். பொய் சொல்லச் சொல்லவில்லை. இது உன்னுடையதுதான், என்றைக்கும் உன்னுடையதாகத்தான் இருந்தது. கறையைப் பற்றிக் கேட்டால் பழைய கறை என்று சொல். உடன் எழுத வேண்டியதை நீயே எழுது. அந்தப் பாஷை உனக்குத்தான் வரும். விடுதலை என்று எழுதாதே, அவமானம் என்பான். நினியனை இரண்டு கண்ணாலும் பார்த்துப் போரிட வேண்டும், அது உன் புதுக் கட்டளை என்று எழுதினால் நம்புவான் என்று தோன்றுகிறது. இரண்டு கண்ணோடு நின்றால் அவன் பிழைக்கலாம். பிழைத்தால் உன் கூடத்தில் வந்து பாடட்டும். நான் கதவருகே நின்று கேட்பேன்.

என்னிடமிருந்து வந்தது என்று அவனுக்கு ஒருபோதும் தெரியக்கூடாது. தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவான். எனக்கும் இதைத் திருப்பித் தர வேண்டாம்.

இதைச் செய்வாயா என்று கேட்கிறேன். கட்டளை இல்லை. செய்யாவிட்டாலும் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டேன்.

மெழுகை உருக்கி முத்திரையைக் கையில் எடுத்தேன். வைத்தால் பாதிரியார் வாசிப்பார். கீழே வைத்துவிட்டேன். பெயர் எழுத இறகை மையில் தோய்த்தேன். 'உன் கணவன்' என்று எழுதினால் மறுபடி அது கட்டளையாகிவிடும். வேறு எப்படி எழுதுவது என்று ஆக்ஸ்போர்டில் எனக்குக் கற்றுத்தரவில்லை. வியாபாரி வாசலில் குதிரைக்குச் சேணம் கட்டிவிட்டான். பெயரில்லாமலே அனுப்புகிறேன்.